பாட்டை நடுவில் நிறுத்தாதவன்

என் தம்பியின் இடது காதுக்குள் ஒரு பெண் குடியிருந்தாள். எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிக் கண் கலங்க வேண்டும் என்று அவள் சொல்வாள், அவன் செய்வான். டிவியில் பார்த்து, என்ன ஒரு மனுஷன் என்று நீங்கள் உருகினீர்களே, அந்த மனுஷனில் பாதிதான் என் தம்பி. மீதி அவள்.

தெருவில் என்னை நிறுத்தி அவனைப் பற்றி நல்லதாகப் பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். போன வாரம் மருந்துக்கடையில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு தம்பி கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைக் கழுவினேன். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை.

வீட்டில் அவனுக்கு டிக்டிக் என்று பெயர். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டு, பென்சில் டப்பா, குளியலறை வாளி, என் முதுகு என்று எதையும் அவன் விட்டு வைத்ததில்லை. எதிலாவது விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். தூக்கத்தில்கூட நாக்கைத் தட்டுவான். பக்கத்தில் படுத்திருந்த எனக்குக் கடிகாரத்தோடு படுத்த மாதிரி இருக்கும். வளர்ந்ததும் பாட ஆரம்பித்தான். மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு. அவன் கிதாரோடு முன்னால் நிற்பான். டிரம்ஸ் வாசித்தவர் பின்னால் என் வீட்டுக்காரர் ஆனார். கீபோர்டு வாசித்தவர் கொஞ்ச நாளில் கப்பல் வேலைக்குப் போய்விட்டார், அவர் கதை நமக்கு வேண்டாம். அவர் வாசித்ததையெல்லாம் பதிவு செய்து லேப்டாப்பில் ஓடவிட்டோம். வேன் ஓட்டியது, நிகழ்ச்சி பிடித்தது, மேடைக்காரர்களிடம் சண்டை போட்டது எல்லாம் நான்.

பதிவு செய்த வாசிப்போடு மனிதர்கள் சேர்ந்து வாசிக்க வேண்டுமென்றால் காதுக்குள் ஒரு தட்டல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக் கிளிக் என்பார்கள். கூட்டத்துக்கு அது கேட்காது. பாடுகிறவன் காதிலும் டிரம்ஸ்காரர் காதிலும் மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அது ஓடுகிறவரை நீயும் ஓட வேண்டியதுதான். கிதார் தந்தி அறுந்தாலும் சரி, விளக்கு அணைந்தாலும் சரி, பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. எங்கள் குழுவில் இருந்த ஒரே சட்டம் அதுதான். என் வீட்டுக்காரர் டிரம்ஸ் சத்தத்தைத் தாண்டிக் கேட்கட்டும் என்று அந்த டிக் டிக்கை எப்போதும் முழுசாக ஏற்றி வைத்துக்கொள்வார். காதில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்காதா என்று கேட்டால், பழகிடுச்சு என்பார்.

ஒருமுறை திறந்தவெளி மேடை. உச்சி வெயில். நான் வேன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு பாதியில் இருக்கும்போது அவர் டிரம்ஸ் மேலேயே மயங்கிச் சரிந்தார். அப்போது அவர் வீட்டுக்காரர் ஆகவில்லை, பேச்சு மட்டும் நடந்துகொண்டிருந்தது. டிரம்ஸின் பித்தளைத் தட்டு ஒன்று கழன்று மேடை ஓரம்வரை உருண்டு வந்தது. கூட்டத்தில் கத்தினார்கள். என் தம்பி திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடியும் முன்னால் திரும்பி, மிச்சப் பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடினான். அப்புறம்தான் கிதாரைப் போட்டுவிட்டு ஓடினான்.

மருத்துவமனை வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்து, "ஏன்டா நிறுத்தல?" என்று கேட்டேன்.

"கிளிக் ஓடிட்டே இருந்துச்சுக்கா" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான்.

கட்டிலில் கிடந்தவர் சிரித்தார். சட்டம் என்றால் சட்டம்தானே, பையனை விடு என்றார். நானும் விட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். இப்போது யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எங்களுக்கு ஒரு பாட்டு ஓடியது. ஒன்றே ஒன்று. பஸ்ஸில், சலூனில், பக்கத்து வீட்டுக் குளியலறையில் எல்லாம் அதுதான். அந்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு பெரிய மைதானங்களில் பாடினோம், பிறகு அரங்கங்களில், பிறகு கல்லூரி விழாக்களில். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகக் கடைசியில் செருப்புக்கடைத் திறப்பு விழாவில் பாடினோம். அன்றைக்கு முன்வரிசையில் நின்றவர்கள் பாட்டைக் கேட்கவில்லை, தள்ளுபடி எப்போது ஆரம்பம் என்று கேட்டார்கள். வேனில் திரும்பி வரும்போது, வண்டியைக் கழுவி விற்றுவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ரேடியோ நிலையத்திலிருந்து அவனைப் பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். கார் ஷோரூமின் மாடியில் நிலையம். ஜன்னல் இல்லாத சின்ன அறை, சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர். அன்றைக்கு வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேட்டி கொடுக்க வந்தவனையே உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். இவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஒரு பாட்டின் முன்னிசை ஓடும்போது மேலே பேசிக்கொண்டே வந்து, பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு நூலிழை முன்னால் பேச்சை முடிப்பான். வருஷக்கணக்கில் அந்த வேலையில் இருக்கிறவர்களுக்கும் அது சட்டென்று வராது. அடுத்த மாதமே காலை நிகழ்ச்சி அவன் கைக்கு வந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள்தான் அவள். என்னைவிடச் சின்னவள், மெல்லிய குரல், யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர் வைத்தார். நான் அவளை முதலில் பார்த்த அன்று எனக்குத் தேநீர் கொடுத்து உட்கார வைத்து, "உங்க தம்பிகிட்ட நான் எதையும் ரெண்டு தடவ சொன்னதே இல்லக்கா" என்றாள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே ஒன்று நடந்தது. தம்பி மறந்துவிட்டுப் போன சட்டையைக் கொடுக்கப் போனவள், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் தொலைபேசியில் வந்தான். ஏதோ கிடங்கில் காவல் வேலை பார்க்கிறவன். வீடில்லாத அண்ணனைப் பற்றிச் சொல்லிக் குரல் கம்மினான். என் தம்பி ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தான். இவள் அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மைக்கில் மெதுவாக, "பேசாத. காத்திரு" என்றாள். அவன் வாயை மூடினான். அவன் விரல் மேஜையில் சத்தமில்லாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அந்த மனிதன் அமைதியைத் தாங்க முடியாமல் மேலே மேலே பேசினான். அண்ணனைக் கிடங்குக்குள்ளேயே படுக்க வைத்துக்கொள்வதாக, முதலாளிக்குத் தெரியாது என்பதாக, எந்தக் கிடங்கு என்பது உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இவள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள், நல்ல பாட்டு கேட்கிறவர்கள் ஆட்டுகிற மாதிரி.

சில நாள் கழித்து, வேலை போன அந்த ஆள் ஷோரூமுக்கு எதிரே வந்து நின்றான். சண்டை போடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வெறுமனே மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாளும் நின்றான். என் தம்பி பின்பக்கப் படி வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தான். பாவம் அவனிடம் போய்ப் பேசேன்டா என்று நான் சொன்னதற்கு, என்ன சொல்லிப் பேசுவது என்று தெரியவில்லை என்றான். ஊருக்கே பேசுகிறவனுக்கு ஒருத்தனிடம் பேசத் தெரியவில்லை.

பிறகு டிவி. அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். "சொல்லிடுங்க" என்று நிகழ்ச்சிக்குப் பெயர். மனசுக்குள் பூட்டி வைத்திருப்பதை ஒருவர் வந்து சொல்லிவிட வேண்டும், என் தம்பி எதிரே உட்கார்ந்து சொல்ல வைப்பான். நேரலை. காதுக்குள் அவள். யார் எங்கே உடைவார்கள் என்று அவளுக்குத் தெரியும், எத்தனை மூச்சு காத்திருக்க வேண்டும் என்று இவனுக்குத் தெரியும். பிரிந்த கணவன் மனைவி, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி எல்லாரும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லிவிட்டுப் போனவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று எந்த நிகழ்ச்சியிலும் காட்டவில்லை.

வீட்டில் அவன் மாறியது எங்களுக்குத்தான் தெரிந்தது. சாப்பிடும்போது ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. தலையை லேசாக இடது பக்கம் சாய்ப்பான். ஒரு கணம் கண் எங்கேயோ நிற்கும். பிறகுதான் பேசுவான். காதில் ஒன்றும் மாட்டியிருக்க மாட்டான். அப்படியும் காத்திருப்பான். "என்ன மாப்ள, விளம்பர இடைவேளையா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவனும் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் கொஞ்சம் தாமதமாக வரும். சில சமயம் அவன் என்னையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பான். நான் பாட்டுக்கு எதையாவது உளறிக்கொட்டுவேன். பிறகுதான் உறைக்கும், பையன் என்னிடமே வேலையைக் காட்டிவிட்டான் என்று.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழு கலைந்த பிறகு அவர் விழா அரங்கங்களில் ஒலி பார்க்கும் வேலைக்குப் போனார். மைக், ஸ்பீக்கர், சத்தத்தை ஏற்றி இறக்குகிற மிக்ஸர். ஒரு பெரிய அரங்கத்தின் மேலாளர் எல்லா நிகழ்ச்சிக்கும் இவரைத்தான் கூப்பிடுவார். எங்கள் குடும்பம் ஓடியது அந்த ஒரு அரங்கத்தை நம்பித்தான். அந்த வேலையில் இருக்கும்போதுதான் அவருக்குக் காது கேட்பது குறைய ஆரம்பித்தது. இத்தனை வருஷ டிரம்ஸும் அந்த டிக் டிக்கும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன என்றார் டாக்டர். முதலில் வலது காது, பிறகு இடது. கருவி மாட்டினால் பேச்சு ஓரளவு கேட்கும், இசை தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கும் என்றார். அதைவிட, காதில் கருவியோடு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தால் யார் நம்பிக் கூப்பிடுவார்கள்? கண் தெரியாதவரிடம் கார் சாவியைக் கொடுப்பார்களா?

அவர் வேலையை விடவில்லை. மிக்ஸரில் ஏறி இறங்கும் விளக்குகளைப் பார்த்தே அளவு வைப்பார். உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியில் வைத்துக் கனத்தைச் சொல்வார். எந்த மேடைக்குப் போனாலும் முதலில் திரை எங்கே இருக்கிறது என்று தேடுவார், திரையில் வாயசைவு பெரிதாகத் தெரியும். மிச்சத்துக்கு நான். கேபிள் சுருட்டுகிற சாக்கில் கூடவே போய் எதிர்ச் சுவர் ஓரம் நிற்பேன். மைக் கீச்சிட்டால் காதைத் தொடுவேன், பேச்சு மங்கினால் தாடையைத் தொடுவேன். ஒரு குறை வந்ததில்லை. விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் வைத்திருந்தோம். அவர், நான், என் தம்பி, மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்துதான் பேசுவான். அதில் ஒருநாளும் அவன் தவறியதில்லை. அந்த அன்பு பொய் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் வந்து, நிகழ்ச்சி ஆரம்பித்த நாளைக் கொண்டாட ஒரு சிறப்பு நேரலை இருக்கிறது என்றான். பழைய குழு மறுபடி சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடும், பிறகு கொஞ்சம் சும்மா பேச்சு. எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே சும்மா பேச்சு என்று எதுவும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவர் முகத்தைப் பார்த்தேன். டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகிவிட்டது. சின்னப் பையனுக்குப் புதுச் சட்டை காட்டின மாதிரி இருந்தது அந்த முகம். கேட்காமல் எப்படி வாசிப்பீர்கள் என்றேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். மாப்பிள்ளை பாடும்போது இடது குதிகாலைத் தட்டுவான், அது பிசகவே பிசகாது, அதைப் பார்த்து வாசித்துவிடுவேன் என்றார்.

நான் தம்பியைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன். "பேசறப்ப அவருக்குக் கேக்காதுன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா எங்களுக்குச் சோறு இல்ல. புரியுதா?"

"நான் இருக்கேன் இல்லக்கா" என்றான். "மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவேன். நீ முன்வரிசைல அவருக்கு நேரா உக்காந்துக்கோ."

இரண்டு நாள் கழித்துக் காதுக்காரி எனக்குப் போன் செய்தாள். வண்டி அனுப்புகிறோம், என்ன நிறத்தில் உடை, என்ன சாப்பிடுவார் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் மிருதுவாக, "அவரு எந்தப் பக்கம் உக்காந்தா அவருக்கு வசதியா இருக்கும்கா?" என்றாள். எந்தப் பக்கமும் வசதிதான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். தம்பியிடம் கேட்டால், எல்லா விருந்தாளியிடமும் அப்படித்தான் கேட்பார்கள் என்றான். அதைச் சொல்வதற்கு முன்னால் அவன் தலை சாய்ந்ததா, சாயவில்லையா என்று போனில் எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்டுடியோ குளிரூட்டிக் கிடந்தது. தரையெல்லாம் கேபிள், மேலே வரிசையாக விளக்குகள், நடுவில் எல்லாரும் பார்த்துப் பழகின அந்த இரண்டு நாற்காலி. இவர் உள்ளே போனதும் திரையைத் தேடினார். கேமராவுக்குக் கீழே தரையில் ஒரு டிவியைச் சாய்த்து வைத்திருந்தார்கள், ஒளிபரப்பாவது அதில் ஓடும். அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தலையில் ஹெட்செட் மாட்டிய ஒருவர் வந்து, கேமராவை மறைக்கிறது என்று சொல்லி என்னை ஓரமாக, ஒரு பெரிய கேமராவுக்குப் பின்னால் மாற்றி உட்கார வைத்தார். அங்கிருந்து இவரை எனக்குத் தெரிந்தது. இவருக்கு என்னைத் தெரியாது. மறுபடி எழுந்தேன். ஆரம்பிக்கப் போகிறோம், தயவுசெய்து உட்காருங்கள் என்றார். பக்கத்தில் ஒரு மேஜை. அதில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு, அதன் கீழே சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு விளம்பரப் பலகை. அது என்ன என்று ஒப்பனைப் பெண்ணிடம் கேட்டேன். பரிசு என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பாட்டு நன்றாக இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். இவர் கண் என் தம்பியின் குதிகாலை விட்டு நகரவில்லை, கை எங்கும் தப்பவில்லை. கூட்டம் எழுந்து ஆடியது. நான் எல்லா பயத்தையும் மறந்து கைதட்டினேன். முடித்துவிட்டு இருவரும் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தம்பி சொன்னபடி அவர் முகத்துக்கு நேராகத் திரும்பித்தான் பேசினான். பழைய வேன், செருப்புக்கடை, கீபோர்டு அண்ணன் கப்பலில் வாந்தி எடுத்தது. இவர் நன்றாகப் பதில் சொன்னார், கூட்டம் சிரித்தது. இவரும் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அப்போது என் தம்பியின் தலை இடது பக்கம் சாய்ந்தது.

ஒரு கணம் அவன் முகம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன். உலகத்தில் வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், அவன் பிறந்த நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்க்கிறவள் நான். அவன் நாற்காலியிலிருந்து எழுந்து, இவருக்குப் பின்பக்கமாக நடந்து போய் நின்றான். கையில் இருந்த கேள்வி அட்டையைத் தூக்கி வாயை மறைத்தான்.

"மாமா" என்று கூப்பிட்டான்.

இவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சிரிப்பு நின்றது.

"மாமா."

கத்தினால் அவருக்குக் கேட்காது. ஓடிப் போய்க் கையை ஆட்டினால், ஆமாம் இவருக்குக் காது கேட்காது என்று நானே ஊருக்குச் சொன்ன மாதிரி. அப்படியும் எழுந்தேன். ஹெட்செட்காரரின் கை என் தோள்மேல் இருந்தது. என் தம்பியின் விரல் அட்டையின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது, கணக்கு வைக்கிற மாதிரி.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டான்.

அதன் பிறகு எல்லாம் அடுத்தடுத்துத் தயாராக இருந்தது. தம்பி முன்னால் வந்து மண்டிபோட்டு அவர் கையைப் பிடித்தான். என் மாமாவுக்குக் காது கேட்காது, எனக்காக வாசித்து வாசித்துப் போன காது இது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். கண்ணீர் வந்தது. தட்டின் துணியை எடுத்தார்கள். காதுக் கருவி விற்கிற ஏதோ கம்பெனியின் பலகையைத் திருப்பி வைத்தார்கள். சின்னப் பெட்டியிலிருந்து கருவியை எடுத்துத் தம்பியே அவர் காதில் மாட்டினான். அரங்கமே எழுந்து நின்று அழுதது. இவர் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி சொன்னார். அவர் நிதானமாக இருந்தது எனக்கு அப்போது ஆச்சரியமாகக்கூடத் தோன்றவில்லை, என் கண் தம்பி மேலேயே இருந்தது.

அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் வந்தார்கள். அரங்க மேலாளரும் நேரில் வந்தார், பழக்கூடையோடு. இத்தனை நாள் இந்தக் கஷ்டத்தோடா வேலை பார்த்தீர்கள் என்று கண் கலங்கினார். இனிமேல் நீங்கள் சிரமப்பட வேண்டாம், வேறு ஒருவரைப் பார்த்துவிட்டோம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மற்ற அரங்கங்களிலும் இதே அன்புதான். யாராவது ஒருவர் கடுமையாகப் பேசியிருந்தால் நான் திருப்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எல்லாரும் கனிவாகப் பேசி எங்கள் சோற்றில் மண்ணைப் போட்டார்கள். தம்பிக்கு இதைவிடப் பெரிய சேனலில் இதைவிடப் பெரிய நிகழ்ச்சி கிடைத்தது. காதுக்காரியும் கூடவே போனாள்.

ரொம்ப நாள் அவன் வீட்டுக்கு வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தான். நான் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனேன். கருவிப் பெட்டி ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது, இவர் அதை மாட்டுவதில்லை. அவன் வந்து உட்கார்ந்ததும் எழுந்து போய் எடுத்து மாட்டிக்கொண்டார். பேசு மாப்ள, கேக்குது என்றார்.

அவன் பேசினான். அவள் கேட்டபோது ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டதாக, கருவி இலவசமாகக் கிடைத்தால் நல்லதுதானே என்று அவள் சொன்னதாக, இப்படிக் காட்டப் போகிறார்கள் என்று தனக்குக் கடைசி வரை தெரியாது என்பதாக, எழுந்து பின்னால் போ, வாயை மறை, கூப்பிடு என்று காதில் வந்ததும் உடம்பு தானாகச் செய்துவிட்டதாக. நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் உண்மை என்று எனக்குத் தெரிந்தது, அதனால் கோபம் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

"நான் கூப்பிட்டு நீங்க திரும்பலன்னதும் எனக்கு உயிரே போயிடுச்சு மாமா" என்றான்.

இவர் தலையை ஆட்டினார்.

"நீ கூப்பிட்டது எனக்குத் தெரியும் மாப்ள."

நான் வாசலை விட்டு உள்ளே வந்தேன்.

"கீழ டிவி இருந்துச்சே" என்றார். "அதுல பாத்தேன். நீ பின்னாடி போனது, அட்டையத் தூக்கி வாய மறைச்சது, கூப்பிடறப்பல்லாம் உன் தொண்டை அசைஞ்சது, எல்லாம். முதல் தடவையே நான் திரும்பிச் சிரிச்சிருந்தா, அவ்வளவுதான். உங்க ஆளுங்க மூஞ்சில ஈயாடியிருக்காது. என் வேலையும் இருந்திருக்கும்."

"அப்புறம் ஏன் மாமா திரும்பல?"

"நீ நிறுத்துவேன்னு காத்திருந்தேன்."

அவர் குரல் உயரவில்லை. "ரெண்டாவது தடவ கூப்பிட்டப்பகூட நினைச்சேன், மூணாவது தடவ கூப்பிட மாட்டான்னு."

எனக்கு அந்த நிமிஷம் யார் மேல் கோபம் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தலையைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் பிழைப்பு முழுவதையும் தூக்கி, இவன் நிறுத்துவான் என்பதன் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார் இந்த மனுஷன். திட்ட வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அவர் இன்னும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் ஏதோ எதிர்பார்க்கிற மாதிரி.

"சொல்லு மாப்ள" என்றார்.

என் தம்பி வாயைத் திறந்தான். பிறகு அவன் தலை மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. கண் எங்கேயோ போய் நின்றது. விரல் நாற்காலியின் கைப்பிடியில் தட்ட ஆரம்பித்தது. அவன் காதில் ஒன்றுமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.